சாமான் அறையில் ஒரு தலைமறைவு

தலைமறைவாகிவிடுவது என்று அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு எடுத்தவுடன் எனக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். போலீஸ் தேடுகிற மனிதனின் முகம். வாயோரம் பற்பசை நுரை மட்டும் கொஞ்சம் இருந்தது. துடைத்துக்கொண்டேன்.

தலைமறைவு என்றால் தலையை மறைத்துவிடலாம். வயிற்றை மறைப்பதுதான் கஷ்டம். அதைவிடக் கஷ்டம் என் குரல்.

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று நான் ஆரம்பித்தால் டீக்கடையில் பாதி டீ குடித்தவன்கூட கிளாஸை வைத்துவிட்டு ஓடுவான். நான் சொன்னால் பஸ் வரும். வராவிட்டாலும், வரும் என்று ஜனங்கள் நம்பிக் காத்திருப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் என் குரல் ஓய்வு பெறவில்லை. எங்கள் வீட்டில் நான் தும்மினால் தெருக்கோடி வீட்டில் "நூறாயுசு" என்பார்கள்.

இந்தக் குரல்தான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் தெருவில் மாடிவீட்டுக்காரர் ஒருவர். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்கப் பூந்தொட்டி வைத்திருப்பார். கீழ்வீட்டுக்காரர் ஒரு கார் வைத்திருக்கிறார். ஒரு நாள் காலை ஒரு தொட்டி காரின் முன் கண்ணாடி மேல் விழுந்தது. வேண்டுமென்றே தள்ளிவிட்டார் என்றார் கீழ்வீடு. பூனை தள்ளியது என்றார் மாடிவீடு. விஷயம் போலீஸுக்குப் போய்விட்டது.

அன்று நான் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சும்மா இருந்தால் என்னை ஊமை என்று நினைத்துவிட மாட்டார்களா?

"பூனையாவது ஒண்ணாவது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அந்த மனுஷன் தொட்டியை ரெண்டு கையாலயும் தூக்கினார். குறி பார்த்தார். போட்டார்" என்றேன்.

சலூனே வாயைப் பிளந்தது. பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க சவர நுரையோடு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவர் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார்.

"உங்க பேரும் விலாசமும் சொல்லுங்க சார்" என்றார்.

அவர்தான் எங்கள் ஸ்டேஷன் ஏட்டு. காக்கிச் சட்டை இல்லாமல், நுரைக்குள் இருந்தால் யாருக்குத்தான் அடையாளம் தெரியும்?

இப்படித்தான் நான் வழக்கின் முதல் சாட்சி ஆனேன். உண்மையில் அந்தத் தொட்டி விழுந்த நேரத்தில் நான் எங்கள் வீட்டுக் கழிவறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஜன்னலும் கிடையாது.

கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து ஒரு பொய்யை எப்படிச் சொல்வது? சொன்னால் பாவம் அந்த மாடிவீட்டு மனுஷன் மாட்டிக்கொள்வார். சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் இத்தனை வருஷம் ஒலிபெருக்கியில் சேர்த்து வைத்த மானம் கழிவறை வழியாகப் போய்விடும். அதனால் முதல் தடவை கூப்பிட்டபோது காய்ச்சல் என்றேன். அடுத்த தடவை இடுப்பு என்றேன். அதற்கும் அடுத்த தடவை ஒன்றும் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் சலூன்காரர் வாசலில் வந்து நின்று, "சார், ஏட்டய்யா சொன்னார். ஜட்ஜுக்குக் கோவம் வந்துடுச்சாம். உங்க பேர்ல பிடிவாரண்ட்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே தலைமறைவு.

முதலில் தம்பிக்குப் போன் செய்தேன். "அண்ணே, வீட்டுல வெள்ளை அடிக்கிறாங்க. எனக்கே படுக்க இடமில்ல" என்றான். அவன் வீட்டுக்கு நான் என்றைக்கு வருகிறேன் என்று சொன்னாலும் அன்றைக்கு வெள்ளை அடிப்பார்கள்.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "தாராளமா வாங்க மாமா. ஒரு வார்த்தை வக்கீல்கிட்ட கேட்டுட்டு வாங்க" என்றார். விவரமான பிள்ளை.

என்னோடு காலையில் நடக்க வருகிற வக்கீலைக் கூப்பிட்டேன்.

"சார், ஒருத்தர் பேர்ல வாரண்ட் இருக்கு. அவர் கொஞ்ச நாள்..."

"அந்த ஒருத்தர் யாருன்னு என்கிட்ட சொல்லாதீங்க. உங்க குரலை நான் கேக்கவே இல்ல."

"சரி சார். அவரைச் சொந்தக்காரங்க யாராவது ஒளிச்சு வெச்சா?"

"குத்தம்."

"தம்பி?"

"தம்பி உள்ள போவார்."

"மாப்பிள்ளை?"

"அவரும் போவார். சோறு போட்டாலும் குத்தம். வண்டியில ஏத்தி அனுப்பினாலும் குத்தம். இதுல ஒரே ஒரு ஆளுக்குத்தான் விதிவிலக்கு. கட்டின பொண்டாட்டி புருஷனை ஒளிச்சு வெச்சா குத்தமில்ல. புருஷன் பொண்டாட்டியை வெச்சாலும் அப்படித்தான்."

"அது ஏன் சார்?"

"அவங்க ஏற்கெனவே அனுபவிச்சது போதும்னு சட்டம் எழுதினவர் நினைச்சிருப்பார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஆக, இந்த உலகத்தில் எனக்கு அடைக்கலம் தரக்கூடியவள் ஒரே ஒருத்தி. அவள் அப்போது அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிர்ந்து பேச மாட்டாள். காலையிலும் மாலையிலும் கண்ணை மூடி உட்கார்ந்து பிரார்த்தனை செய்வாள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பால்காரர், தெருநாய் என்று ஒருவரையும் விடாமல் வேண்டிக்கொள்வாள். பொய் சொல்ல மாட்டாள். ஒரு தடவை என் சட்டையை இஸ்திரிபோடும்போது தீய்த்துவிட்டு, நான் பார்ப்பதற்கு முன்னாலேயே வந்து சொல்லிவிட்டாள். அப்படிப்பட்டவள்.

எல்லாவற்றையும் கொட்டினேன். கழிவறை உட்பட.

அவள் வெங்காயத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தாள்.

"கோர்ட்டுக்குப் போய் நான் பார்க்கலன்னு சொல்லிடுங்களேன்."

"என்ன பேசுற நீ? என் பேர் என்னாகிறது?"

"அந்த மாடிவீட்டுக்காரர் பேர் என்னாகிறதுங்க?"

"அதைப் பத்தி அப்புறம் பேசலாம். இப்ப என்னை ஒளிச்சு வெப்பியா மாட்டியா?"

"வெக்கிறேன். ஆனா உங்களுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம். கேட்டா பேசாம இரு."

"நானும் பேசாம இருந்து, நீங்களும் பேசாம இருந்தா நம்ம வீடு எப்படி இருக்கும்?" என்றாள். அவள் முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. அடுப்பு வெளிச்சம் என்று நினைத்தேன்.

சாமான் அறை ஒதுக்கப்பட்டது. கூரை வரைக்கும் என் பழைய ரேடியோ, ஓடாத மின்விசிறி, கம்பி அறுந்த ஸ்பீக்கர். இதையெல்லாம் தூக்கிப் போடுங்க, போடுங்க என்று அவள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று நானும் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அங்கே ஸ்பீக்கர் இருக்க வேண்டும் அல்லது நான் இருக்க வேண்டும். பழைய சாமான்காரர் வந்து ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போனார். என்னையும் எடை போடுவது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

"போனை அணைச்சுடுங்க" என்றாள் மனைவி. "நீங்க இருக்கிற இடத்தைக் காட்டிக் குடுத்துடும்."

நியாயம்தான். அணைத்தேன்.

"டிவி போடக்கூடாது. நீங்க வெக்கிற சத்தத்துல நான் டிவி பார்க்க மாட்டேன்னு தெருவுக்கே தெரியும்."

அதுவும் நியாயம்.

"நான் வெளியில போயிட்டு வர்றதுக்குள்ள பாத்திரம் தேய்ச்சு வெச்சுடுங்க. சத்தம் வரக்கூடாது."

இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்குப் போய்விட்டாள்.

"வாசல்ல உங்க ஸ்கூட்டர் நிக்குது. அதைப் பார்த்தா நீங்க வீட்டுலதான் இருக்கீங்கன்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும்."

உண்மைதான். ஸ்கூட்டர் எங்கேயோ அங்கே நான். அந்த ஸ்கூட்டரை நான் யாரையும் தொட விட்டதில்லை. அவள் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டபோதெல்லாம், "உனக்கெதுக்கு? நான் இருக்கேன்ல, எங்க போகணும்னு சொல்லு" என்பேன். அவள் சொல்வாள். நான் சட்டை மாட்டிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, தெருமுனையில் நாலு பேரிடம் பேசிவிட்டு வருவதற்குள் அவள் நடந்தே போய்த் திரும்பி வந்திருப்பாள்.

"அப்ப அதை எங்கயாவது தள்ளிட்டுப் போய் விடு" என்றேன்.

"சாவி?"

கொடுத்தேன். மனசு வலித்தது. சட்டப்படி வண்டி கொடுப்பதும் குற்றம் என்று வக்கீல் சொன்னது ஞாபகம் வந்தது. அது ஒளிகிறவனுக்குக் கொடுப்பதைச் சொன்னார். ஒளிகிறவன் கொடுத்தால் என்ன என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வாசலில் மணி அடித்தது. சாமான் அறை ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். காக்கி பேன்ட். கறுப்பு பூட்ஸ். பெண் போலீஸ்.

"அம்மா, சார் இருக்காரா?"

அவ்வளவுதான் கேட்டது. நான் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு பழைய பாய்க்குப் பின்னால் சுருண்டுவிட்டேன். என் இதயமே ஒலிபெருக்கியில் அடிப்பது போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"போயாச்சா?"

"போயாச்சு. வெளியில வாங்க."

"என்ன கேட்டாங்க?"

"நீங்க இருக்கீங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. தண்ணி குடுத்தேன்."

"அப்புறம்?"

"நாளைக்கும் வர்றேன்னாங்க."

நான் மறுபடியும் போர்வையைத் தேடினேன். அவள் மட்டும் ஒரு கலக்கமும் இல்லாமல் ஒரு கூடைத் துணியை என் முன்னால் வைத்தாள். "பயத்துல சும்மா உக்காந்தா இன்னும் பயம்தான் வரும். இதை மடிச்சு வைங்க" என்றாள்.

அன்றிலிருந்து அந்தப் பெண் போலீஸ் தினமும் வந்தாள். மணி அடிக்கும். நான் போர்வைக்குள் போவேன். கொஞ்ச நேரத்தில் வாசல் கேட் சாத்துகிற சத்தம். என் மனைவியும் கூடவே போய்விடுவாள். திரும்பி வரும்போது முகம் சிவந்து, மூச்சு வாங்க வருவாள்.

"உன்னை எங்க கூட்டிட்டுப் போறாங்க?"

"விளையாட்டு மைதானத்துக்கு."

"மைதானத்துக்கா? அங்க வெச்சு என்ன பண்றாங்க?"

"சுத்திச் சுத்தி வரச் சொல்றாங்க."

போலீஸ் முறைகளைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். வெயிலில் சுற்றச் சொன்னால் எப்பேர்ப்பட்டவர்களும் உண்மையைக் கக்கிவிடுவார்கள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லிட்டியா?"

"உங்களைப் பத்திப் பேசவே நேரமில்லங்க" என்றாள்.

ஒரு நாள் தெருவில் என் ஸ்கூட்டரின் சத்தம் கேட்டது. பெற்ற பிள்ளையின் இருமல் மாதிரி அது எனக்குத் தெரியும்.

"அது என் வண்டி சத்தம்தானே?" என்று அவள் வந்ததும் கேட்டேன்.

"ஆமா."

"யாரு எடுத்துட்டுப் போனா?"

"அந்தப் போலீஸ்காரம்மா அதுல ஏறிப் போனாங்க."

பறிமுதல். வண்டி போய்விட்டது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே நான் அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டேன். சத்தமில்லாமல்தான்.

பொய் சொல்லக்கூடாது, அந்தச் சாமான் அறை வாழ்க்கை ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. பேசாமல் இருந்தால் நிறையக் கேட்கிறது. என் மனைவி சமைக்கும்போது மெதுவாகப் பாடுவாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். குரல் நன்றாகவே இருந்தது. இத்தனை வருஷமும் அதன் மேல் நான் அறிவிப்புச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். சாயங்காலம் அவள் பிரார்த்தனை செய்யும்போது கதவிடுக்கு வழியாக என் பெயரும் கேட்கும். "அவருக்கு நல்ல புத்தி குடு. அவரா போய்ச் சொல்லட்டும். யாரும் இழுத்துட்டுப் போய்ச் சொல்ல வேண்டாம்." பால்காரருக்கு ஒரு வரி, தெருநாய்க்கு ஒரு வரி, எனக்கு மட்டும் நாலு வரி. என் கேஸ் பெரிய கேஸ் போலிருக்கிறது.

வெங்காயம் உரிக்கும்போது அந்த மாடிவீட்டுக்காரரின் முகம் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. பாவம், என்னைப் பார்த்தால் இருந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கி வணக்கம் சொல்லுவார். அந்தக் கையில் நான் ஒரு தொட்டியைக் கொடுத்திருக்கிறேன். வெங்காயத்தால் வந்த கண்ணீர் என்றே அதையும் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. அவள் நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. புடவை ஓரத்தில் மண்.

எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னது இது?"

"ஒண்ணுமில்லங்க. விழுந்துட்டேன்."

"அந்தப் போலீஸ்காரி பக்கத்துல இருந்தாளா?"

"இருந்தாங்க."

"தள்ளிவிட்டாளா?"

"சே, பாவம் அவங்க. பிடிச்சுக்கத்தான் ஓடி வந்தாங்க. நான்தான் ஒரேயடியா வேகமாப் போயிட்டேன்."

அதாவது தப்பி ஓடப் பார்த்திருக்கிறாள். துரத்திப் பிடித்திருக்கிறார்கள். இவ்வளவு நடந்தும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அப்போதும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "மருந்து தடவினா சரியாயிடும்" என்கிறாள்.

நான் மருந்து தடவிவிட்டேன்.

"வலிக்குதா?"

"இல்ல. இன்னும் ரெண்டு மூணு நாள்தான். அப்புறம் என்னை விட்டுடுவேன்னு சொல்லியிருக்காங்க."

இன்னும் ரெண்டு மூணு நாளா? என்னால் ஒரு நாள்கூடத் தாங்க முடியாது. அன்று முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. அது என் வாழ்க்கையிலேயே முதல் தடவை. அவளுக்கே கவலையாகிவிட்டது, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் அவள் அந்தப் பெண் போலீஸோடு கிளம்பிப் போன கையோடு நான் சாமான் அறையிலிருந்து வெளியே வந்தேன். ஒரு பையில் துண்டு, சோப்பு, பிரஷ், மாற்று உடை. ஜெயிலில் தலையணை தருவார்களா தெரியவில்லை. எதற்கும் ஒன்றை அமுக்கி வைத்துக்கொண்டேன். சலூன் வாசல் வழியாகத் தலை நிமிர்ந்து நடந்தேன். சலூன்காரர் கத்தரியோடு கையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தார். "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். "அதைத்தான் சார் நானும்..." என்று அவர் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. நிற்கவில்லை.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தேன். ஏட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நுரை இல்லாமல் பார்க்க வயது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

பையைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் அடக்கி வைத்த குரல். அணை உடைந்தது.

"கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்துவிட்டேன். பழக்க தோஷம். "தேடப்பட்டு வரும் நான் இதோ வந்துவிட்டேன். அந்தப் பூந்தொட்டி விழுந்ததை நான் பார்க்கவில்லை. யார் தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியாது. சலூனில் நான் சொன்னது அத்தனையும் பொய். அந்த நேரத்தில் நான் எங்கள் வீட்டுக் கழிவறையில் இருந்தேன். மாடிவீட்டுக்காரர் மேல் ஒரு தப்பும் நான் பார்க்கவில்லை. என் மனைவியை விட்டுவிடுங்கள்."

ஸ்டேஷன் நின்றது. வாசலில் டீ கொண்டுவந்தவர் நின்றார். எதிரே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் சிலர் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டதாக அப்புறம் சொன்னார்கள்.

ஏட்டு பேனாவை மூடினார். "எந்தக் கேஸ் சார்? அந்தத் தொட்டிக் கேஸா?"

"அதேதான்."

"அது என்னிக்கோ முடிஞ்சு போச்சே. அதே இடத்துல இன்னொரு தொட்டி விழுந்துச்சு. சுவர் மேல பூனை உக்காந்து எட்டிப் பார்த்துக்கிட்டிருந்ததை அந்தக் கார்க்காரரே பார்த்துட்டார். கோர்ட்டுல வந்து சமாதானமாப் போயிட்டாங்க. உங்க வாரண்டையும் ஜட்ஜ் ரத்து பண்ணிட்டார். உங்க போன் ஆஃப்ல இருக்குன்னு அன்னிக்கே நம்ம ஸ்டேஷன் பொண்ணை உங்க வீட்டுக்கு அனுப்பினேன். உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேன்னு வந்து சொல்லுச்சே."

எனக்கு ஸ்டேஷன் சுற்றியது. "அப்ப அந்தப் பொண்ணு தினமும் எங்க வீட்டுக்கு எதுக்கு வருது?"

ஏட்டு எழுந்தார். ஜன்னல் வழியாக வெளியே கையைக் காட்டினார்.

என் ஸ்கூட்டர் வந்து, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், கோடு போட்ட மாதிரி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தது பெண் போலீஸ். முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றியது என் மனைவி.

"சலூன்காரர் சொன்னார், நீங்க இங்க வந்திருக்கீங்கன்னு" என்றபடி உள்ளே வந்தாள். பையைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். அப்புறம் ஏட்டைப் பார்த்தாள்.

"சொல்லிட்டாரா?"

"கழிவறை வரைக்கும் சொல்லிட்டார்மா. எதிர்ல பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும்."

அவள் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாள். யாருக்கோ நன்றி சொல்கிறாள் என்று தெரிந்தது. எனக்கில்லை என்றும் தெரிந்தது.

என் பக்கத்திலும் சட்டம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மனைவிக்கு உள்ள விதிவிலக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை. மார்பை நிமிர்த்தினேன்.

"ஒரு மனுஷனை இத்தனை நாள் சாமான் அறையில ஒளிச்சு வெச்சிருக்க. இது எவ்வளவு பெரிய குத்தம்னு தெரியுமா உனக்கு?"

அவள் என் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, எப்போதும் போல அதிராமல் சொன்னாள்.

"போலீஸ் தேடுற ஆளை ஒளிச்சு வெச்சாத்தாங்க குத்தம். உங்களை யாருங்க தேடினா?"